காந்த நானோ துகள் சிகிச்சை வருகிறது என்று அம்மாவின் ஆபரேஷனைத் தள்ளிப்போடலாமா?

கேள்வியை எனக்குப் புரிந்த அளவில் முதலில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய், இரண்டாம் நிலை. ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள். அந்த நேரம் பார்த்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒரு வீடியோ போட்டிருக்கிறார்கள்: நரம்பில் ஊசி மூலம் காந்தத் துகள்களை ஏற்றுவார்களாம், அவை தாமாகவே புற்று செல்களைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளுமாம், வெளியிலிருந்து காந்தத்தைக் காட்டினால் அந்த செல்கள் மட்டும் வெந்து செத்துவிடுமாம், முடி கொட்டாது, கத்தி வேண்டாம். இது உண்மையா, இந்தியாவில் எங்கே கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில் "ஒரு வருஷம் பொறுத்தால் இங்கே வந்துவிடுமா" என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, நிஜமான கேள்வி அதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். பொறுக்க வேண்டாம். கொடுத்த தேதியில் ஆபரேஷன் நடக்கட்டும். இரண்டாம் நிலை என்பது குணப்படுத்தும் நோக்கத்தோடு சிகிச்சை செய்யக்கூடிய நிலை. 2020ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் பல ஆய்வுகளைச் சேர்த்து அலசிய ஒரு கட்டுரை வந்தது. புற்றுநோய் அறுவை சிகிச்சை நான்கு வாரம் தள்ளிப்போனால் இறப்பு அபாயம் 6 முதல் 8 சதவீதம் கூடுவதோடு அது சம்பந்தப்பட்டிருக்கிறது என்றார்கள். நோயாளிகளைப் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வுகளின் கணக்குதான், பரிசோதனை வைத்து நிரூபித்தது இல்லை. இருந்தாலும் ஒரு வருஷம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று சொல்ல அது போதும்.

நான் மருத்துவர் இல்லை, அதை இப்போதே சொல்லிவிட வேண்டும். பொருளறிவியல் படித்தவன். இரும்பு ஆக்சைடு நானோ துகள்களைத் தயாரித்து, மாறுகாந்தப் புலத்தில் வைத்து, எவ்வளவு சூடாகிறது என்று அளப்பதுதான் என் முனைவர் பட்ட வேலை, அதற்குப் பிறகும் பல வருடங்களாக அதே துறைதான். ஆகவே துகள், வெப்பம், காந்தம் இவற்றைப் பற்றி நான் சொல்வதை நம்பலாம். அம்மாவுக்கு எந்தக் கீமோ, கரண்ட் வைக்க வேண்டுமா வேண்டாமா என்பதெல்லாம் பயாப்ஸி ரிப்போர்ட்டைக் கையில் வைத்திருக்கும் டாக்டரிடம் கேட்க வேண்டியது. இன்னொன்று, காந்தப் படுக்கை, காந்த வளையல் என்று வீடு வீடாக வந்து விற்கிறார்களே, அதற்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. இங்கே பேசுவது நிஜமான இயற்பியல், நிஜமான ஆராய்ச்சி. வீடியோ அதை எங்கே திரித்திருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அடிப்படை முழுக்க உண்மை. இரண்டு இரும்பு உப்புகளை, ஃபெரிக் குளோரைடு இரண்டு பங்கு, ஃபெரஸ் குளோரைடு ஒரு பங்கு, தண்ணீரில் கரைத்து, கலக்கிக்கொண்டே அமோனியாவை ஊற்றினால், செம்மஞ்சளாக இருந்த கரைசல் கண்முன்னே கன்னங்கரேல் என்று மாறும். பீக்கருக்கு அடியில் ஒரு காந்தத்தை வைத்தால் கறுப்பு முழுக்க அடியில் போய் ஒட்டிக்கொண்டு மேலே தெளிந்த நீர் நிற்கும். அந்தக் கறுப்புதான் மேக்னடைட், பத்துப் பதினைந்து நானோமீட்டர் அளவுத் துகள்கள். தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 80,000 நானோமீட்டர். இவ்வளவு சின்னதாகிவிட்டால் அவற்றுக்கு ஒரு விசேஷ குணம் வந்துவிடுகிறது: காந்தப் புலம் இருக்கும்போது காந்தமாக நடந்துகொள்ளும், புலத்தை எடுத்துவிட்டால் காந்தத் தன்மை மிச்சமில்லாமல் போய்விடும். அதனால் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுபோவது வெகுவாகக் குறையும், மேலே சர்க்கரைப் பொருளாலோ சிலேனாலோ ஒரு பூச்சு கொடுத்துவிட்டால் உடம்புக்குள் செலுத்தும் அளவுக்குப் பக்குவமான திரவம் தயார்.

இதை ஒரு செம்புக் காயிலுக்குள் வைத்து, வினாடிக்கு ஒரு லட்சம் தடவை திசை மாறும் காந்தப் புலத்தைக் கொடுத்தால் துகளுக்குள் இருக்கும் காந்தத் திசையும் கூடவே திரும்பப் பார்க்கும். கொஞ்சம் பின்தங்கும். அந்தப் பின்தங்கல்தான் வெப்பமாக வெளியே வருகிறது. ஆய்வகத்தில் இதை அளப்பதே ஒரு தனி அவஸ்தை. காயில் தானே சூடாகிவிடும் என்பதால் செம்புக் குழாய்க்குள் குளிர்ந்த தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சாதாரண உலோகத் தெர்மாமீட்டரை உள்ளே விட்டால் அதுவே சூடாகிப் பொய் சொல்லும், ஆகவே கண்ணாடி இழைத் தெர்மாமீட்டர். துகளே இல்லாத வெறும் தண்ணீரையும் அதே இடத்தில் வைத்து அளந்து கழித்தால்தான் கணக்கு நேராகும். அப்புறம் ஒரு வேடிக்கை இருக்கிறது. தண்ணீரில் நன்றாகச் சூடாகும் சில துகள்களை அகர் ஜெல்லியில் கலந்து உறைய வைத்தால், அதே புலத்தில், அதே அளவு இரும்பில், வெப்பம் சட்டென்று குறைந்துவிடும். துகளே முழுதாகச் சுழன்று சூடு கொடுப்பது ஜெல்லிக்குள் நின்றுபோவதுதான் காரணம். செல்லுக்குள் போய் மாட்டிக்கொண்டாலும் ஏறக்குறைய இதே கதைதான். வீடியோக்களில் காட்டும் வேகமாக ஏறும் வெப்பநிலை வரைபடங்கள் பெரும்பாலும் கண்ணாடிக் குப்பியில் இருக்கும் திரவத்தில் எடுத்தவை என்பதை இதோடு சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

வெப்பம் புற்று செல்லைப் பாதிக்கும் என்பதிலும் சந்தேகமில்லை. 41 முதல் 46 டிகிரி வரை செல்லைத் திணறடிக்கலாம், கதிர்வீச்சில் உடைந்த டிஎன்ஏவைப் பழுதுபார்க்கும் வேலையைக் கெடுக்கலாம், ரத்த ஓட்டத்தைக் கூட்டி ஆக்சிஜனை உள்ளே கொண்டுவரலாம். அதற்கு மேலே போனால் நேரடியாக வெந்து சாகும். நானோ துகளே இல்லாமல், வெளியிலிருந்து ரேடியோ அலையால் இடுப்புப் பகுதியைச் சூடாக்கிக் கதிர்வீச்சும் கொடுத்த நெதர்லாந்து ஆய்வு ஒன்று 2000ல் லான்செட்டில் வந்தது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் மூன்று வருடம் உயிரோடு இருந்தவர்கள், கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 27 சதவீதம், வெப்பமும் சேர்ந்தவர்களில் 51 சதவீதம். கதிர்வீச்சு மட்டும் கொடுத்த குழுவின் முடிவு எதிர்பார்த்ததைவிட மோசமாக இருந்தது என்ற விமர்சனம் அதன் மேல் உண்டு, இப்போது கதிர்வீச்சோடு சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தைச் சேர்த்துக் கொடுப்பதே வழக்கமாகிவிட்டது. என்றாலும் வெப்பம் ஒரு நல்ல துணை என்பதற்கு அது சாட்சி. துணை என்று சொல்வதைக் கவனியுங்கள். இந்தத் துறையில் கொஞ்சமாவது நம்பிக்கை தரும் முடிவுகள் பலவும் கதிர்வீச்சோடு அல்லது கீமோவோடு சேர்த்துக் கொடுத்தவை. "கத்தி வேண்டாம், கீமோ வேண்டாம்" என்று வீடியோ சொல்வது அப்படியே தலைகீழ்.

சரி, அப்படியானால் எங்கே இடிக்கிறது? வெப்பத்தில் இல்லை, காந்தத்திலும் இல்லை. போதுமான இரும்பைக் கட்டிக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்தான். நீங்கள் எந்தக் கட்டுரையைப் படித்தாலும் முதலில் இதைத்தான் தேட வேண்டும் என்பேன், ஒரு மில்லி கட்டிக்குள் எத்தனை மில்லிகிராம் இரும்பு போய்ச் சேர்ந்தது என்று.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெர்லினில் மூளைக் கட்டி நோயாளிகள் 14 பேருக்கு முதன்முதலில் செய்து 2007ல் வெளியிட்ட ஆய்வில், மில்லிக்கு 112 மில்லிகிராம் இரும்பு உள்ள திரவத்தை, ஒரு மில்லி கட்டிக்கு நடுத்தரமாக 0.2 மில்லி என்ற அளவில் ஊசியால் கட்டிக்குள்ளேயே நேரடியாகச் செலுத்தினார்கள். அதாவது ஒரு மில்லி கட்டிக்குச் சுமார் 22 மில்லிகிராம் இரும்பு. இதே வேலையை நரம்பு வழியாகச் செய்ய வேண்டுமானால்? ரத்தசோகைக்கு நரம்பில் ஏற்றும் ஃபெருமாக்சிட்டால் என்ற மருந்தே ஒரு இரும்பு ஆக்சைடு நானோ துகள்தான், அதன் ஒரு டோஸில் 510 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. அந்த அளவை ஏற்றுவதாக வைத்துக்கொள்ளுங்கள். டொரண்டோவில் வாரன் சான் குழுவினர் பத்து வருட ஆய்வுகளைத் தொகுத்து 2016ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். நரம்பில் ஏற்றிய நானோ துகள்களில் கட்டியைச் சென்றடைவது, நடுமதிப்பாகப் பார்த்தால், 0.7 சதவீதம். 510ல் 0.7 சதவீதம் என்பது மூன்றரை மில்லிகிராம். உங்கள் அம்மாவின் கட்டி இரண்டே முக்கால் சென்டிமீட்டர் அகலம் என்று எழுதியிருக்கிறீர்கள், உருண்டை என்று எடுத்துக்கொண்டால் அது ஏறக்குறைய பத்து மில்லி. மில்லிக்கு 0.35 மில்லிகிராம் வருகிறது. தேவைப்பட்டது 22. அறுபது மடங்கு பற்றாக்குறை. அந்த 0.7 சதவீதமும் பெரும்பாலும் எலிகளில் பார்த்தது. எலியின் உடம்புக்கு அதன் கட்டி ரொம்பப் பெரியது, மனித உடம்பின் விகிதத்தில் பார்த்தால் நிலைமை இன்னும் மோசமாகத்தான் இருக்கும். அறுபது மடங்கு அதிகம் ஏற்றிவிடலாமே என்றால், மனித உடம்பில் மொத்தமாக இருக்கும் இரும்பே மூன்று நான்கு கிராம்தான், நீங்கள் ஏற்றப்போவது முப்பது கிராம். அது விஷம்.

மிச்சத் துகள்கள் எங்கே போகின்றன? கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும். ரத்தத்தில் அந்நியமாக எது மிதந்தாலும் விழுங்குவதற்கென்றே அங்கே செல்கள் உட்கார்ந்திருக்கின்றன. "தாமாகவே புற்று செல்லைத் தேடிப்போகும்" என்ற வரி இங்கேதான் அடிபடுகிறது. கட்டியின் ரத்தக் குழாய்கள் ஓட்டையாக இருப்பதால் துகள்கள் அங்கே கசிந்து தங்கும் என்று 1986ல் ஜப்பானில் மட்சுமுராவும் மேடாவும் சொன்னது உண்மைதான், எலிக் கட்டிகளில் அழகாகத் தெரியும். மனிதர்களில் ஆளுக்கு ஆள், ஒரே ஆளில் கட்டிக்குக் கட்டி மாறுகிறது. புற்று செல்லைக் கண்டு ஒட்டிக்கொள்ளும் புரதமான ஆன்டிபாடியைத் துகளின் மேல் ஒட்டி அனுப்பினால் கொஞ்சம் கூடுமே தவிர, அறுபது மடங்கு இடைவெளியை அது நிரப்பாது.

புலத்தை ஏற்றிச் சூட்டைக் கூட்டலாமே என்று இன்னொரு வழி தோன்றும். உடம்பும் மின்சாரத்தைக் கடத்தும் பொருள்தான் என்பதால், வேகமாக மாறும் காந்தப் புலத்தில் சதைக்குள்ளேயே சுழல் மின்னோட்டம் கிளம்பி நல்ல சதையும் சூடாகும். பெர்லினிலேயே புராஸ்டேட் புற்றுநோய்க்கு இதைச் செய்து பார்த்தபோது, கருவி மீட்டருக்கு 15 கிலோ ஆம்பியருக்கு மேல் (காந்தப் புலத்தின் வலிமையை அளக்கும் அலகு இது) தரக்கூடியதாக இருந்தும், அரையிடுக்கில் எரிச்சல் தாங்க முடியாமல் 3 முதல் 5 கிலோ ஆம்பியரோடு நிறுத்த வேண்டியதாயிற்று. தலைக்கு அதிகம் கொடுக்க முடிகிறது, இடுப்புக்கு முடிவதில்லை. உடம்பின் சுற்றளவு கூடக்கூட அனுமதிக்கக்கூடிய புலம் குறையும் என்பது எளிய இயற்பியல்.

வீடியோவில் இருக்கும் இன்னொரு வாக்கியத்தையும் விடக்கூடாது: "ஒவ்வொரு புற்று செல்லாகப் போய் வேகவைக்கும்." இது நடக்கவே நடக்காது என்று நான் உறுதியாகச் சொல்லக்கூடிய சிலவற்றில் ஒன்று. பானைச் சோறு வெகுநேரம் சூடாக இருக்கும், ஒரே ஒரு பருக்கையைத் தட்டில் போட்டால் உடனே ஆறிவிடும் இல்லையா, அதேதான். வெப்பம் வெளியேறும் கணக்குப்படி, கட்டியின் ஆரம் பத்தில் ஒரு பங்கானால், அதே வெப்பநிலையில் வைத்திருக்க ஒரு மில்லிக்கு நூறு மடங்கு வெப்பம் தேவை. ஒற்றை செல்லைச் சுற்றி எத்தனை துகள் ஒட்டினாலும் உண்டாகும் சூடு சுற்றியிருக்கும் நீரில் கரைந்துபோய்விடும், செல்லின் வெப்பநிலை ஏறியதாகவே தெரியாது. ஆகவே இந்த முறை, கொஞ்சம் பெரிய, இடம் தெரிந்த, ஊசி எட்டக்கூடிய ஒரு கட்டிக்கு மட்டுமே பொருந்தும். அங்கங்கே சிதறிப் பரவிய நுண்ணிய புற்றுக்கு இது மருந்து ஆகாது. மார்பகப் புற்றுநோயில் ஆபரேஷனுக்குப் பிறகும் கீமோ, ஹார்மோன் மாத்திரை என்று கொடுப்பதே அந்தக் கண்ணுக்குத் தெரியாத சிதறலுக்காகத்தான். அந்த வேலையைச் செய்ய முடியாத ஒன்றை அதற்கு மாற்றாகக் காட்டுவதுதான் எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது.

மனிதர்களில் இது எதுவரை போனது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒன்றுமே நடக்கவில்லை என்று நினைத்துவிடக்கூடாது. யோசனை பழையது. 1957லேயே கில்கிறிஸ்ட் என்ற அமெரிக்க அறுவை சிகிச்சை நிபுணரும் கூட இருந்தவர்களும் நாய்களின் நிணநீர் முடிச்சுகளில் இரும்பு ஆக்சைடைச் செலுத்திச் சூடாக்கிக் காட்டினார்கள். அதை மருத்துவமனைவரை கொண்டுவந்தவர் பெர்லினின் ஆண்ட்ரியாஸ் ஜோர்டான். அவர் தொடங்கிய மேக்ஃபோர்ஸ் நிறுவனத்தின் நானோதெர்ம் சிகிச்சைக்கு 2010ல் ஐரோப்பிய அனுமதி கிடைத்தது, மூளைக் கட்டிக்கு. 2011ல் வெளியான ஆய்வில் 66 பேர், அதில் 59 பேர் கிளியோபிளாஸ்டோமா என்ற கொடிய மூளைப் புற்றுநோய் திரும்பி வந்தவர்கள். கட்டிக்குள் துகளை ஊசியால் செலுத்தி, ஒவ்வொரு மணி நேரமாக ஆறு தடவை சூடாக்கி, கூடவே கதிர்வீச்சும் கொடுத்தார்கள். கட்டி திரும்பி வந்த நாளிலிருந்து கணக்கிட்டால் பாதிப் பேர் 13.4 மாதத்துக்கு மேல் வாழ்ந்தார்கள். முந்தைய ஒரு ஆய்வில் இதே நிலையிலிருந்தவர்களுக்கு அது 6.2 மாதம். கேட்கும்போது இரட்டிப்பு மாதிரிதான் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால் அந்த ஆய்வில் ஒப்பிடுவதற்கு இன்னொரு குழுவே கிடையாது, வேறொரு காலத்தில், வேறிடத்தில் நடந்த ஆய்வின் எண்ணோடுதான் ஒப்பிட்டார்கள். இப்படிப்பட்ட சிகிச்சைக்குத் தெம்பானவர்களைத்தான் தேர்ந்தெடுப்பார்கள், கூடவே மறுபடி கதிர்வீச்சும் கொடுத்திருக்கிறார்கள். அந்த ஏழு மாதத்தில் எவ்வளவு துகளின் புண்ணியம் என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. எனக்குத் தனிப்பட்ட முறையில், கொஞ்சம் பலன் இருந்திருக்கும் என்றுதான் தோன்றுகிறது. தோன்றுவது ஆதாரம் ஆகாது.

அந்தச் சிகிச்சையின் நடைமுறைத் தொல்லைகளை யாரும் வீடியோ போடுவதில்லை. தலைக்குச் சிகிச்சை என்பதால் வாயிலிருக்கும் உலோகப் பல் அடைப்பு, கிரீடம் எல்லாவற்றையும் முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அவை சூடாகிவிடும். துகள் உள்ளே இருக்கும்வரை அந்தப் பகுதியை எம்ஆர்ஐயில் பார்க்க முடியாது, படம் முழுக்கக் கறுத்துப்போகும், கட்டி வளர்கிறதா தேய்கிறதா என்று தெரிந்துகொள்ளும் முக்கியமான வழியே அடைபட்டுவிடும். 2019ல் ஜெர்மனியின் மியூன்ஸ்டரிலிருந்து ஆறு நோயாளிகளைப் பற்றி ஒரு அறிக்கை வந்தது. கட்டியை எடுத்த குழியின் சுவரில் துகளைப் பூசிச் சூடாக்கியிருந்தார்கள். சிகிச்சை நடந்தபோது பெரிய தொந்தரவு இல்லை. சில மாதம் கழித்துத் துகள் இருந்த இடத்தைச் சுற்றி மூளை வீங்கி, ஸ்டீராய்டு கொடுத்து, முடிந்தவர்களுக்கு மறுபடி திறந்து துகளையே எடுக்க வேண்டி வந்தது. நோய் எதிர்ப்புச் செல்கள் உள்ளே திரண்டு வந்திருந்ததை நல்ல அறிகுறி என்றும் பார்க்கிறார்கள். அது வீங்கிய மூளையோடு இருந்தவருக்கு எவ்வளவு ஆறுதல் என்று தெரியவில்லை. மேக்ஃபோர்ஸ் நிறுவனமோ 2022ல் திவால் மனு கொடுத்துவிட்டது. "மருந்து கம்பெனிகள் மறைக்கின்றன" என்பவர்களுக்கு இதுதான் என் பதில்: அனுமதி வாங்கிப் பன்னிரண்டு வருடம் கையில் வைத்திருந்தும், போதுமான ஆதாரமும் போதுமான நோயாளிகளும் சேராமல் ஒரு கம்பெனியே மூழ்கியது. யாரும் மறைக்கவில்லை.

சூடாக்காமல், துகளின் மேல் கீமோ மருந்தை ஏற்றி, வெளியே காந்தம் வைத்துக் கட்டிக்கு இழுக்கலாம் என்பது இன்னொரு கிளை. 1996ல் பெர்லினில் லூபே என்பவர் 14 நோயாளிகளுக்கு எபிரூபிசின் மருந்தை இப்படிக் கொடுத்தார். பாதிப் பேரில் துகள் கட்டிக்கு வந்து சேர்ந்தது தெரிந்தது. கட்டிகள் தோலுக்கு அருகில் இருந்தவை. ஆழத்துக்குப் போக முடியாததற்குக் காரணம் இயற்கையே போட்ட விதி: நிலையான காந்தப் புலத்தின் உச்சம் எப்போதும் காந்தத்தின் பக்கத்தில்தான் இருக்கும், லென்ஸ் வைத்து வெயிலைக் குவிப்பதுபோல உடம்புக்கு நடுவில் குவிக்க முடியாது. எங்கே காந்தம் வைத்தாலும் துகள் தோல் பக்கமே இழுபடும். வேகமாக ஓடும் ரத்தம் வேறு அடித்துக்கொண்டு போகும். இதைச் சுற்றி வர மாற்று வழிகள் ஆய்வகங்களில் இருக்கின்றன, மருத்துவமனையில் இல்லை.

இவ்வளவு குறை சொன்ன பிறகு, இதே கறுப்புத் துகள் உங்கள் அம்மாவுக்கே உதவக்கூடிய ஒரு இடம் உண்டு என்றால் ஆச்சரியப்படுவீர்கள். சிகிச்சையாக இல்லை, ஆபரேஷனுக்கு வழிகாட்டியாக. மார்பகக் கட்டியிலிருந்து புற்று முதலில் போய்ச் சேரும் அக்குள் நிணநீர் முடிச்சை, சென்டினல் நோட் என்பார்கள், கண்டுபிடித்து அதை மட்டும் எடுத்துப் பார்ப்பது இப்போது வழக்கம். அதில் புற்று இல்லையென்றால் அக்குளை முழுக்கச் சுரண்டத் தேவையில்லை, கை வீக்கத்திலிருந்து தப்பிக்கலாம். அந்த முடிச்சைக் கண்டுபிடிக்க நீல மையும், டெக்னீஷியம் என்ற கதிரியக்கத் திரவமும் பயன்படும். டெக்னீஷியத்தின் அரை ஆயுள் ஆறு மணி நேரம் என்பதால், அணு மருத்துவத் துறை பக்கத்தில் இல்லாத மருத்துவமனைகள் திண்டாடும். அந்த இடத்தில்தான் இரும்பு ஆக்சைடு வருகிறது. முலைக்காம்பைச் சுற்றிய பகுதியில் ஊசி போட்டால் துகள் நிணநீர் வழியாகத் தானே போய் அந்த முடிச்சில் தங்கிவிடும், கையடக்கக் காந்தமானியை அக்குளில் நகர்த்தினால் சத்தம் கொடுக்கும், திறந்து பார்த்தால் முடிச்சு கரும்பழுப்பாகத் தெரியும். நார்டிக் நாடுகளில் 206 பெண்களிடம் பழைய முறை, இரும்புத் துகள் இரண்டையும் வைத்துப் பார்த்ததில் இரண்டுமே 97 சதவீதத்தைச் சுற்றி முடிச்சைக் கண்டுபிடித்தன. மேக்ட்ரேஸ் என்ற பெயரில் அமெரிக்காவிலும் 2018ல் அனுமதி பெற்றது. இது ஏன் வேலை செய்கிறது என்று யோசித்தால் மேலே சொன்ன சிக்கல் எல்லாம் புரிந்துவிடும்: ரத்தத்தில் போகவில்லை, கல்லீரலைத் தாண்ட வேண்டியதில்லை, சூடாக்க வேண்டியதில்லை, கொஞ்சூண்டு இரும்பு போய்ச் சேர்ந்தாலே போதும். இதற்கும் தொல்லை உண்டு. ஊசி போட்ட இடத்தில் தோல் பழுப்பு நிறமாகிப் பல மாதம் இருக்கலாம், ஆபரேஷனில் காந்தமானி பக்கத்தில் வரும்போது உலோகக் கருவிக்குப் பதில் பிளாஸ்டிக் கருவி வேண்டும், பிற்பாடு எம்ஆர்ஐ எடுத்தால் அந்த இடம் மறைந்துபோகலாம்.

ரத்தத்தில் அலையும் புற்று செல்களைக் காந்தத்தால் பிடித்து எண்ணும் செல்சர்ச் என்ற சோதனையும் 2004ல் அனுமதி பெற்றது. ஆன்டிபாடி ஒட்டிய காந்தத் துகளை ரத்தக் குப்பியில் கலந்து, காந்தம் வைத்து இழுத்து எண்ணுவார்கள். பரவிய மார்பகப் புற்றுநோயில் 7.5 மில்லி ரத்தத்தில் ஐந்தோ அதற்கு மேலோ இருந்தால் நோயின் போக்கு மோசம் என்பது நன்றாக நிறுவப்பட்ட விஷயம். அந்த எண்ணிக்கையைப் பார்த்துக் கீமோவைச் சீக்கிரம் மாற்றினால் ஆயுள் கூடுமா என்று 2014ல் வந்த அமெரிக்க ஆய்வு பார்த்தது, கூடவில்லை. அம்மாவுக்கு இப்போது இது தேவைப்படாது, யாராவது பேக்கேஜில் சேர்த்து விற்றால் தெரிந்திருக்கட்டும் என்றுதான் சொல்கிறேன்.

இந்தியாவில் ஆராய்ச்சி நிறையவே நடக்கிறது. ஐஐடி பம்பாயில், நம் கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையத்தில் காந்தத் திரவங்களைச் சூடாக்குவது பற்றி நல்ல வேலைகள் வெளியாகியிருக்கின்றன. அவை குப்பியிலும் செல்லிலும் எலியிலும் நடப்பவை. இதைப் படித்துவிட்டு அந்த ஆய்வகங்களுக்கு ரிப்போர்ட்டை அனுப்பிக் கேட்க வேண்டாம், அவர்களால் நோயாளிக்கு ஒன்றும் செய்ய முடியாது, பாவம், மறுத்து எழுதுவதற்கே அவர்களுக்குச் சங்கடமாக இருக்கும். எலியிலிருந்து மனிதருக்கு வருவதில் என்ன நம்பிக்கை என்றால், ஃபெருமாக்சிட்டால் துகள் எலிகளில் எதிர்ப்புச் செல்களைத் தட்டி எழுப்பிக் கட்டி வளர்ச்சியைக் குறைத்தது என்று 2016ல் ஒரு கட்டுரை வந்தது, அந்தத் திசை எனக்குச் சூடாக்குவதைவிடச் சுவாரசியமாகப் படுகிறது. ஆனால் எலி எலிதான். அதே மருந்துக்கு, நரம்பில் ஏற்றும்போது உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை வரலாம் என்று 2015ல் அமெரிக்காவில் பெட்டி கட்டிய எச்சரிக்கை போட வைத்தார்கள் என்பதும் நினைவிருக்கட்டும். இரும்புத் துகள் என்றாலே பக்கவிளைவு இல்லாதது என்பது பொய்.

இந்தச் சிகிச்சைக்கு ஏற்பாடு செய்து தருவதாக ஒரு தரகர் அழைத்தார் என்று எழுதியிருந்தீர்களே, அவர் மறுபடி அழைத்தால், என்ன துகள், ஊசி கட்டியிலா நரம்பிலா, மனிதர்களில் செய்த எந்த ஆய்வு என்று கேளுங்கள். "ஆராய்ச்சி அடிப்படையில் செய்கிறோம்" என்றால் சிடிஆர்ஐ (CTRI, இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேடு) பதிவு எண்ணைக் கேளுங்கள். இந்தியாவில் மனிதர்களிடம் புது மருந்தைச் சோதிக்க அந்தப் பதிவும் நெறிமுறைக் குழு ஒப்புதலும் கட்டாயம், சோதனை மருந்துக்கு நோயாளியிடம் காசு வாங்குவது முறையில்லை. எண்ணைக் கொடுத்தால் அதை ஆன்லைனில் நீங்களே தேடிப் பார்க்கலாம். முன்பணம் கேட்டால் போனை வைத்துவிடுங்கள்.

சர்ஜனிடம் கேட்க வேண்டியது வேறு: சென்டினல் நோட் பார்ப்பீர்களா, எதை வைத்து? நீல மையோ டெக்னீஷியமோ வைத்துச் செய்தால் தாராளமாகச் சரி, இரும்புத் துகள்தான் வேண்டும் என்று அடம் பிடிக்க ஒரு காரணமும் இல்லை. ஒருவேளை இரும்புத் துகளை வைத்தே செய்தார்கள் என்றால், அம்மாவுக்கு இரும்பு ஊசி எதற்காவது முன்பு ஒவ்வாமை வந்ததா, இதயத்தில் பேஸ்மேக்கர் இருக்கிறதா என்பதை முன்னதாகச் சொல்லிவிடுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் என்ன துகள், எந்தத் தேதியில் போட்டது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் எம்ஆர்ஐ எடுக்கப் போகும்போது அந்தத் தாளைத்தான் முதலில் நீட்ட வேண்டியிருக்கும்.